டெல்டாவுல விலங்குத் தடம் பாத்து பின்தொடர்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காடு இருந்தாதான் தடம் பாக்க முடியும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. ஆனா நம்ம டெல்டா மண்ணு மாதிரி தடம் பழக வசதியான எடம் கெடைக்கிறது கஷ்டம்ங்க. மேட்டூர வழக்கமா ஜனவரி 28ல மூடுவாங்க, ஜூன் 12ல திறப்பாங்க, அந்த எடவெளில கொள்ளிடத்துல மணல் பெருசா வெளிய தெரியும், சம்பா அறுத்த வயல்லயும் ஈரம் கொஞ்ச நாளைக்கு இருக்கும், அதனால மாசி பங்குனில ஆரம்பிங்க.

முதல்ல தெரிஞ்ச காலு

எடுத்த உடனே நரிய தேடாதீங்க. ஆடு, நாய், பூனை, கொக்கு, எதையாவது நடக்கும்போது கண்ணால பாத்துட்டு, உடனே போயி அதோட தடத்த பாருங்க. ஓடுனா முன் விரல் அழுந்தி மண்ணு பின்னால தள்ளியிருக்கும், நடந்தா அப்படி இருக்காது. இது சலிப்பா இருக்கும், ஆனாலும் இதத்தான் அதிக நாள் செய்யணும்.

வெளிச்சம்

காலைல வெயில் சாய்வா விழும்போது போங்க. உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவுல தடம் வர்ற மாதிரி நின்னா பள்ளத்துல நிழல் விழுந்து பளிச்சுனு தெரியும். உச்சி வெயில்ல அதே தடம் கண்ணுக்கே சிக்காது.

விரல எண்ணுங்க

நாலு விரல், நகம் பதிஞ்சிருக்குன்னா நாய் இல்லன்னா நரி. நாலு விரல், உருண்டையா, நகமே இல்லையா, பூனை இனம், நாணல் பக்கம்னா காட்டுப்பூனையா இருக்கலாம். சின்னதா அஞ்சு விரல், நீள நகம், வரப்போரமாவே போயிருக்குன்னா பெரும்பாலும் கீரி. ஆத்தோரம் அகலமா அஞ்சு விரல், நடுவுல சவ்வும் பதிஞ்சிருந்தா நீர்நாய், பக்கத்துலயே மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கெடக்குதான்னு பாருங்க, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப போடும் (கையால தொடாதீங்க, குச்சி போதும்). நடுவுல வாலு இழுத்த கோடு, ரெண்டு பக்கமும் மாறி மாறி நகக்கீறல்னா உடும்பு. முயலுக்கு பெரிய பின்னங்கால் ரெண்டும் முன்னாடி விழும், சின்ன முன்னங்கால் பின்னாடி, இது தெரியாதவங்க அது போன திசையவே மாத்தி சொல்லிடுவாங்க.

நாயா நரியாங்கிறதுதான் எல்லாருக்கும் குழப்பம். நரித்தடம் ஒடுக்கமா நீளமா இருக்கும், முன்னங்கால்ல நடு ரெண்டு விரலோட அடிப்பகுதி ஒட்டியிருக்கும். நாய் மோந்துகிட்டே வளைஞ்சு வளைஞ்சு அலையும், நரி பெரும்பாலும் நேரா போகும். ஒத்தத் தடத்த வச்சு முடிவு பண்ணவே பண்ணாதீங்க. போட்டோ எடுத்தா பக்கத்துல பத்து ரூபா காசு வைங்க, அது 27 மில்லிமீட்டர், அளவு தெரியாத போட்டோவால ஒரு பிரயோஜனமும் இல்ல.

எப்ப போச்சு?

தடத்துக்கு மேல பனி சொட்டுன புள்ளி இருந்தா, பனி விழறதுக்கு முன்னாடியே போயிருக்கு. ஓரம் கூர்மையா இருந்தா புதுசு. சேத்துல தடத்துக்குள்ள தண்ணி இன்னும் கலங்கலா நின்னா, சத்தம் போடாதீங்க, இப்பதான் போயிருக்கு.

பின்தொடர

அடுத்தடுத்த ரெண்டு தடத்துக்கு நடுவுல உள்ள தூரத்த ஒரு குச்சில அளந்து ரப்பர் பேண்ட் மாட்டிக்குங்க. தடம் தொலைஞ்சா, கடைசி தடத்துல குச்சி முனைய வச்சு முன்பக்கமா அரைவட்டம் சுத்துங்க, ரப்பர் பேண்ட் போற எடத்துக்கிட்டதான் அடுத்த காலு இருக்கும். தடத்த மிதிக்காம பக்கவாட்டுலயே நடங்க. புல்லுல தடம் விழாது, அங்க சாஞ்ச புல்லு, பாம்பு கழட்டிப் போட்ட சட்டை, எச்சம்னு பாக்கணும். இருளர் சமூகத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் இந்த மாதிரி அடையாளங்கள படிக்கிற திறமையாலதான் 2017ல மலைப்பாம்பு புடிக்க ஃபுளோரிடா வரைக்கும் போனாங்க, 2023ல பத்மஸ்ரீயும் வாங்குனாங்க.

வரப்புல கண்ணாடி விரியன் கெடக்கும், பூட்ஸ் இல்லாம எறங்காதீங்க. கோடியக்கரைல வெளிமான் குளம்பு பாக்க ஆசையா இருந்தா வனத்துறைகிட்ட அனுமதி வாங்கிட்டு போங்க, அது 1967லேர்ந்து சரணாலயம். உடும்பு, நீர்நாய் எல்லாம் 1972 வனஉயிரின பாதுகாப்பு சட்டத்துல வருது, புடிக்கிறதோ விரட்டுறதோ குத்தம். தடம் ஒரு வளைக்கிட்ட போய் முடிஞ்சா அங்கயே நின்னுடுங்க, கிட்ட போகாதீங்க. அப்படியே திரும்பி அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தடத்த பின்னோக்கி படிச்சுக்கிட்டே வாங்க, எங்க தண்ணி குடிச்சுது, எங்க எர தேடுச்சுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.