கத்தி வாயில் பொக்கை விழுந்தால்: சாணைக்குக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

போன மே மாதம் அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கி வைத்திருந்தார். கொட்டையோடு துண்டு போட வேண்டும். அரிவாள்மனை பரணில் இருந்தது. கைக்கு எட்டியது என் சான்டோகு கத்தி (ஜப்பானிய பாணிச் சமையலறைக் கத்தி), 7,800 ரூபாய் கொடுத்து வாங்கியது. மூன்றாவது மாங்காயில் ‘டிக்’கென்று ஒரு சத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் கத்தி வாயில் இரண்டு பொக்கை. ஒன்று ரவை அளவு, இன்னொன்று கடுகளவு.

அன்று மாலையே தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாடு முழுவதும் அந்த அவசரத்தால் வந்தது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

1. முதலில் படம் எடுங்கள்

கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு, வேறு எதுவும் செய்யாமல் படம் எடுங்கள். கல்லில் தேய்க்காதீர்கள், தீட்டுக்கம்பியில்கூட இழுக்காதீர்கள்.

ஐந்து படம் போதும். முழுக் கத்தி இரண்டு பக்கமும். பொக்கை விழுந்த இடம் நெருக்கத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. அலகு பிடிக்குள் நுழையும் இடம். அப்புறம் கத்தியில் பொறித்திருக்கும் பெயரும் எண்ணும். ஃபிளாஷ் வேண்டாம், எஃகு பளீரென்று வெளுத்துவிடும். காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் நல்லது. இந்தப் படங்கள் எதற்கு என்று நான்காவது படியில் தெரியும்.

2. மடங்கலா, பொக்கையா, விரிசலா?

கத்தி வெட்டவில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் காரணம்.

கத்தி வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, டியூப் லைட்டின் கீழ் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பி அடிக்காது. மின்னும் இடத்தில் வாய் மடங்கியோ மழுங்கியோ இருக்கிறது. ஒரு பஞ்சுத் துண்டை வாயோரமாக மெல்ல இழுத்தால் பொக்கை உள்ள இடத்தில் நூல் மாட்டும். மடங்கியதைத் தீட்டினாலே சரியாகிவிடும், அதற்கு வாரண்டி கேட்டு எழுத வேண்டாம்.

பொக்கை அதிகம் விழுவது ஜப்பானிய பாணிக் கத்திகளில். விஜி-10 போன்ற எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி இருக்கும். ஜெர்மன் பாணிக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை. கடினம் கூடினால் கூர் நாள்பட நிற்கும், ஆனால் முட்டும்போது வளைந்து கொடுக்காமல் பெயர்ந்துவிடும். மாங்கொட்டை, எலும்பு, உறைந்த மீன், கருப்பட்டி இதெல்லாம் அந்தக் கத்திக்கு ஆகாது. பூசணியில் வெட்டி இறக்கிய கத்தியைப் பக்கவாட்டில் திருகினாலும் போதும், பெயர்ந்துவிடும்.

விரிசல் வேறு விஷயம். மயிரிழை போல ஒரு கோடு, பெரும்பாலும் பிடிக்கு அருகில். கீறலா விரிசலா என்று சந்தேகம் இருந்தால் நன்றாக ஈரம் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே தங்கிய நீர் மெல்லக் கசிந்து கோடு மறுபடி ஈரமாகும். விரிசல் விட்ட கத்தியை அதற்குமேல் ஒரு வெங்காயம் வெட்டக்கூட எடுக்காதீர்கள். அழுத்தும்போது அலகு கழன்றால் கை போய்விடும்.

3. வாரண்டியில் வருமா?

வாரண்டி அட்டையில் சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள், சாரம் ஒன்றுதான்: எஃகிலோ வேலைப்பாட்டிலோ குறை இருந்தால் அவர்கள் பொறுப்பு, பயன்படுத்திய விதத்தில் கெட்டால் நம் பொறுப்பு. பிடி ஆடுவது, பிடியில் வெடிப்பு, தானாக விட்ட விரிசல், அடுக்கு எஃகு பிரிந்து வருவது ஆகியவற்றைக் கேட்கலாம். கொட்டையிலும் எலும்பிலும் விழுந்த பொக்கைக்குக் கேட்க முடியாது. என் மாங்காய்ப் பொக்கைக்கு நான் கேட்கவில்லை, கேட்பது நியாயமும் இல்லை.

‘வெளியாட்கள் சாணை பிடித்தால் வாரண்டி செல்லாது’ என்ற வரி பல அட்டைகளில் உண்டு. நான் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

4. என் கத்திக்கு நடந்தது

சாணைக்குப் போய் வந்த கத்தியில் பொக்கை இல்லை. ஆனால் வாயோரம் விரலகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது, கூர் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. காரணம் சூடு. தண்ணீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் சட்டென்று சூடேறும். எஃகு நீலம் பாரிக்கும் சூடு, அந்தக் கத்தியின் பதத்தை, அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்து ஏற்றிய கடினத்தை, கெடுக்கும் சூட்டைவிட மிக அதிகம். நிறம் மாறாமலே பதம் போவதும் உண்டு. பதம் போன பகுதியைத் தேய்த்து எடுத்தால்தான் கீழே நல்ல எஃகு வரும், வேறு வைத்தியம் இல்லை.

சாணைக்காரரைக் குறை சொல்லவில்லை. அரிவாளையும் அரிவாள்மனையையும் அவர் பிடித்துக் கொடுப்பது போல என்னால் செய்ய முடியாது, அவற்றின் வாயும் தடிமனானது. அந்தச் சக்கரத்துக்கு இந்தக் கத்தியைக் கொடுத்தவன் நான்.

இரண்டு வாரம் கழித்துக் கழுவும்போது, பிடியை ஒட்டி முதுகுப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் ஒரு விரிசலைப் பார்த்தேன். நிறுவனத்துக்கு எழுதினேன். “வெளியே சாணை பிடிக்கப்பட்டுள்ளது, சூட்டினால் விரிசல் விட்டிருக்கலாம், வாரண்டி பொருந்தாது” என்று பதில் வந்தது. இரண்டாவது முறை கோபமாக எழுதினேன், அதே பதில்.

அப்புறம்தான் மாங்காய் வெட்டிய அன்று நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. பொக்கையைக் காட்டுவதற்காக எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் பிடிக்கு அருகில் அதே கோடு மெல்லியதாகத் தெரிந்தது. சாணைக்குப் போகுமுன்பே விரிசல் இருந்திருக்கிறது! நான் கவனிக்கவில்லை, கேமரா கவனித்திருக்கிறது.

மூன்றாவது மின்னஞ்சலில் கோபம் இல்லை, நான்கு விஷயம் மட்டும். வாங்கிய தேதியும் பில் எண்ணும். சாணைக்கு முந்தைய படம், தேதியோடு. இன்றைய படம், அதில் சாணைத் தடம் எங்கே முடிகிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது என்று அம்புக்குறி போட்டு. இடையில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி. கடைசியாக, வாயில் உள்ள சேதத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை, பிடியருகே உள்ள விரிசலுக்கு மட்டும் கேட்கிறேன் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நம் தவறை நாமே பிரித்து வைத்துவிட்டால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. கத்தியை அனுப்பச் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் புதுக் கத்தி வந்தது. அனுப்பும் கூரியர் செலவு 180 ரூபாய் மட்டும் என்னுடையது.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

5. கூரியரில் அனுப்புதல்

கெட்டி அட்டையை இரண்டாக மடித்து அலகை உள்ளே வைத்து, திறந்த பக்கம் முழுக்க டேப் ஒட்டுங்கள். டேப் அட்டையில் மட்டும் ஒட்ட வேண்டும், எஃகில் அல்ல. முனைக்கு ஒரு பாட்டில் கார்க் குத்திவிடுங்கள். அதன்மேல் துணி, அப்புறம் பெட்டி. பெட்டியைக் குலுக்கினால் உள்ளே ஆடக்கூடாது. பில்லின் நகலை வையுங்கள், அசலை வைக்காதீர்கள். ‘சமையலறைக் கத்தி, பழுதுக்காக’ என்று வெளியே எழுதிவிட்டால் கூரியர் கவுன்டரில் கேள்வி குறையும்.

6. வாரண்டி இல்லையா? கல்லில் நாமே எடுக்கலாம்

இதை அக்கா வீட்டுக் கத்தியில் கற்றுக்கொண்டேன். உறைந்த வஞ்சிரத்தில் விழுந்த ஒரு மில்லிமீட்டர் பொக்கை.

கல் பற்றி என் கருத்து: பொக்கைக்கு 400 கிரிட், கூருக்கு 1000 கிரிட், இரண்டு போதும். (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் வழவழப்பு.) 1000-க்கு ஷாப்டன் குரோமாகு எனக்குப் பிடிக்கும். ஊற வைக்க வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும், சீக்கிரம் பள்ளம் விழாது. கிங் 1000/6000 (ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000) விலை குறைவு, நல்ல கல்தான், ஆனால் ஊற வைக்க வேண்டும், சீக்கிரம் தேயும். கத்தியை இரண்டு சக்கரத்துக்கு நடுவே இழுக்கும் சின்னக் கருவியைப் பொக்கை விழுந்த கத்திக்கு வாங்கவே வாங்காதீர்கள், பொக்கை இன்னும் பெரிதாகும்.

முதலில் 400 கல்லில், கத்தியைக் கிட்டத்தட்ட நெட்டாக நிறுத்தி, வாயைக் கல்லோடு தேய்த்துப் பொக்கை மறையும் வரை குறைக்க வேண்டும். ஆமாம், கூரை முழுக்க மழுக்குகிறோம். இதைச் செய்யக் கை வராது. எனக்கும் வரவில்லை, அதனால் பொக்கை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். விளைவு, அந்த இடத்தில் வாய் உள்வாங்கிக் குழிந்தது. பலகையில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, கொத்தமல்லி நறுக்கினால் தழை துண்டாகாமல் தோரணம் போலத் தொங்கியது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். அடியிலிருந்து முனை வரை ஒரே சீராக, கத்தியின் பழைய வளைவைப் பின்பற்றித் தேய்க்க வேண்டும். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை பலகையில் வைத்து வெளிச்சம் பாருங்கள்.

இப்போது வாய் தட்டையாக, ஒளியில் வெள்ளைக் கோடாக மின்னும். இனி கோணம். ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி வேண்டும். அலகின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், சுண்டுவிரல் நுனி நுழையும் உயரம். வாயோரம் மார்க்கரால் கறுப்பு பூசிக்கொண்டு நாலு தேய்ப்பு தேயுங்கள். வாய் வரை மை போனால் கோணம் சரி. மேலே மட்டும் போனால் முதுகைச் சற்று உயர்த்துங்கள்.

இரண்டு பக்கமும் மாறி மாறித் தேய்க்கத் தேய்க்க வெள்ளைக் கோடு மெலிந்து மறையும், எதிர்ப்பக்கத்தில் பிசிர், அதாவது வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு, கையில் தட்டும். விரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கம் நகர்த்திப் பாருங்கள், வாயோடு ஒருபோதும் இழுக்காதீர்கள். பிசிர் முழு நீளத்துக்கும் வந்த பிறகுதான் 1000-க்குப் போக வேண்டும். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிர் உதிரும்.

ஒரு மில்லிமீட்டர் பொக்கைக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் என்றால் நீர் ஓடும் சக்கரம் வைத்திருப்பவரிடம் கொடுப்பதே நல்லது. ‘தண்ணீர் விட்டுப் பிடிப்பீர்களா’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். கடை பில் வெப்பத்தாளில் அடித்தது, எட்டு மாதத்தில் வெற்றுத்தாளாகிவிட்டது. வாங்கிய அன்றே படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஏற்கெனவே அழிந்துவிட்டால், கார்டில் கட்டிய வங்கிப் பதிவைக் காட்டிக் கடையில் மறுபிரதி கேளுங்கள். ஒருவருக்கு அப்படிக் கிடைத்தது. இணையத்தில் வாங்கியவர்கள் தங்கள் கணக்கின் பழைய ஆர்டர்களிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: பீங்கான் கத்திக்கு இந்த ஆறாவது படி பொருந்தாது. அது எஃகைவிடக் கடினம், சாதாரணக் கல்லில் தேயாது, வைரத் தகடு வேண்டும். ரொட்டி அறுக்கும் பல் கத்திக்கும் இந்த முறை வேண்டாம், பற்களை மொத்தமாக மழித்துவிடும்.