பழைய சன் ஸ்பார்க் ஸ்டேஷனுக்குப் புது என்விராம் சிப் வாங்காதீர்கள்

சன் நிறுவனத்தின் பழைய கணினியான ஸ்பார்க் ஸ்டேஷனை ஆன் செய்ததும் ஐடிபிராம் (கணினியின் அடையாள விவரங்கள்) செல்லாது என்று திரையில் வந்தால், அந்த விவரங்களையும் கடிகாரத்தையும் பேட்டரி பலத்தில் வைத்திருக்கும் என்விராம் சிப்பை (எம்48டி02 அல்லது எம்48டி08) தூக்கிப் போட வேண்டாம். சாக்கெட்டிலிருந்து கழற்றி, பேட்டரிக் கம்பிகள் தெரியும்வரை மேல்பகுதியின் ஓரத்தை மெல்ல அரத்தால் ராவுங்கள். பழைய பேட்டரிக்குப் போகும் இணைப்பை வெட்டிவிட்டு, சிப் பக்கத்துக் கம்பிகளில் சிஆர்2032 பட்டன் செல் போடும் ஹோல்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். எது பிளஸ், எது மைனஸ் என்று முதலில் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிப்பின் சர்க்யூட் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். செத்தது உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி மட்டுமே. அதற்குச் சொல்லப்பட்ட ஆயுளே சுமார் 10 வருடம்தான். புதுசு என்று விற்கப்படுவதும் பல நேரம் அலமாரியில் கிடந்து பேட்டரி தீர்ந்த பழைய சரக்குதான். ஹோல்டர் போட்டுவிட்டால் அடுத்த முறை பட்டன் செல் விலையோடு வேலை முடியும்.

ராவுவதற்கு முன் சிப் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஈதர்நெட் முகவரி, ஹோஸ்ட் ஐடி (கணினியின் அடையாள எண்) இரண்டும் அழிந்திருக்கும், ஓகே பிராம்ப்ட்டில் (இயங்குதளம் ஏறும் முன் கட்டளை தட்டும் இடம்) எம்கேபி (mkp) கட்டளையால் மறுபடி எழுத வேண்டும். சன் கணினிகளின் ஈதர்நெட் முகவரிகள் 8:0:20 என்று தொடங்கும். அப்புறம், ராவும்போது வரும் எப்பாக்ஸி (சிப்பின் மேல்பகுதிப் பிசின்) தூசு நல்லதல்ல, மாஸ்க் போடுங்கள்.

பேட்டரி மூடி தனியாகக் கழலும் ஸ்னாப்ஹாட் வகைக்கு இது தேவையில்லை. மூடியை மாற்றினால் போதும். பேட்டரி போட்டும் கடிகாரம் ஓடவில்லை என்றால் உள்ளே கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் கிரிஸ்டல் போயிருக்கலாம். அப்போது வேறு சிப்தான்.