டெஸ்ட் பேட்டிங்: எப்போது கட்டை போடுவது, எப்போது அடிப்பது

இருபது ஓவர் ஆட்டத்தில் அடித்துப் பழகிய பிள்ளைகள், முதல்முறையாக மூன்று நாள் ஆட்டத்துக்குத் தேர்வாகி என்னிடம் பயிற்சிக்கு வந்தால் தவறாமல் கேட்பார்கள்: "சார், புஜாரா மாதிரி ஆடணுமா, பண்ட் மாதிரி ஆடணுமா?" அதாவது கட்டை போட்டு நிதானமாக ஆடுவதா, அடித்து ஆடுவதா என்று. நான் திருப்பிக் கேட்பேன்: "உன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கு?" மூன்று ஸ்டம்பில் பேட்ஸ்மேனின் காலிலிருந்து தள்ளி இருக்கிற ஓரத்து ஸ்டம்ப் அது. பெரும்பாலும் திரும்பிப் பார்த்துத்தான் கை காட்டுவார்கள். பார்க்காமல் சொல்லத் தெரிகிற வரைக்கும் முதல் கேள்விக்குள் நான் போவதில்லை. எந்தப் பந்தை ஆட வேண்டாம் என்று தெரியாதவன் நிதானமாகவும் ஆட முடியாது, அடித்தும் ஆட முடியாது.

அதனால் அங்கிருந்தே தொடங்குவோம். கார்டு எடுத்து, அதாவது ஸ்டம்புக்கு முன்னால் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு நில்லுங்கள். பௌலர் பந்தை விடுகிற நேரத்தில், உங்கள் கால் அசைந்து முடிந்த பிறகு, கண் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். எதிரே பௌலர் நிற்கும் இடத்திலிருந்து போனில் வீடியோ எடுத்தால் தெளிவாகத் தெரியும். கண் ஆஃப் ஸ்டம்புக்கு நேராக இருந்தால், கண்ணைத் தாண்டி வெளியே போகிற பந்து ஸ்டம்பையும் தாண்டித்தான் போகும். பந்து உள்ளே ஸ்விங் ஆகிற நாளில் மட்டும் இன்னொரு பந்து அகலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது திசையைப் பார்த்துப் பந்தை ஆடாமல் விடுவது. உயரத்தைப் பார்த்து விடுவது என்று இன்னொன்று இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுப்பவர்கள் குறைவு. மறுமுனையில் நிற்கும்போது கீப்பரைக் கவனியுங்கள். குட் லெங்த்தில், அதாவது முன்னால் போவதா பின்னால் போவதா என்று குழப்புகிற இடத்தில் விழுந்த பந்தை அவர் இடுப்புக்கு மேலே, விரல்கள் வானத்தைப் பார்க்கப் பிடிக்கிறாரா, முழங்காலுக்குக் கீழே, விரல்கள் தரையைப் பார்க்கப் பிடிக்கிறாரா? மேலே பிடிக்கிறார் என்றால், கொஞ்சம் ஷார்ட்டாக விழுகிற பந்து ஸ்டம்ப் திசையில் வந்தாலும் மேலே போய்விடும், விடலாம். கீழே பிடிக்கிறார் என்றால் அந்த ஆசையே வேண்டாம். முதல் அரை மணி நேரத்தில் ஸ்கோர்போர்டைப் பார்க்கிற நேரத்தை கீப்பரின் கையைப் பார்ப்பதற்குக் கொடுங்கள்.

விடுவதிலும் முறை உண்டு. பேட்டைத் தோளுக்கு மேலே தூக்கிவிடுங்கள், அல்லது கையை உடம்போடு உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கண் மட்டும் கீப்பர் கையில் பந்து சேருகிற வரை கூடவே போக வேண்டும். ஆபத்து எல்லாம் பாதி விடுவதில்தான். ஆடலாமா வேண்டாமா என்று பேட் தொங்கிக்கொண்டிருக்கும், கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கிற ஸ்லிப் ஃபீல்டருக்குக் கேட்ச் போகும்.

வலைப்பயிற்சியில் முப்பது பந்து போடச் சொல்லுங்கள். பந்து கையை விட்டுக் கிளம்பியதும் "ஆடு" அல்லது "விடு" என்று பேட்ஸ்மேன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ரன் எழுதுவதே இல்லை. நடுவில் பட்டதா, தவறியதா, விட்டதா என்று மூன்று குறிதான். சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்றால் அதற்கு ஒரு வட்டம். வட்டம் குறையக் குறைய அந்தப் பிள்ளையின் முகமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த வேலையில் அதைவிடப் பிடித்தது வேறில்லை.

சரி, விட்டுக்கொண்டே இருந்தால் என்ன கிடைக்கும்? வெளியே போட்ட பந்தை நீங்கள் தொடவில்லை என்றால் பௌலருக்குப் பொறுமை போகும். நேராகப் போடுவார், உங்களுக்குப் பக்கத்தில் விழும்படி போடுவார். அப்போது காலில் வருகிற பந்தைத் தட்டிவிடலாம், நேராக டிரைவ் செய்யலாம். 2018-19 ஆஸ்திரேலியத் தொடரில் புஜாரா 1,258 பந்துகளைச் சந்தித்து 521 ரன் எடுத்தார், மூன்று சதம். அந்த 1,258 பந்தும் கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசில்வுட், லயன் நாலு பேரின் காலிலும் தோளிலும் ஏறியது. மறுமுனையில் ஆடுகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் களைத்த பௌலர்கள் கிடைத்தார்கள். அதே புஜாரா லயன் போட வந்தால் இறங்கி வந்து ஆடினார் என்பதையும் கவனியுங்கள். எல்லாப் பந்துக்கும் ஒரே பதில் அவரிடம் இருந்ததில்லை.

பொறுமை என்றால் மெதுவாக ஆடுவது என்று நினைப்பவர்களிடம் 2004 சிட்னி டெஸ்டைச் சொல்வேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவ் ஆடி அவுட் ஆகிக்கொண்டிருந்த டெண்டுல்கர், அந்த இன்னிங்ஸில் கவர் டிரைவையே மூட்டை கட்டி வைத்தார். 436 பந்தில் 241, நாட் அவுட். 33 பவுண்டரி. மெதுவான இன்னிங்ஸ் என்று அதை யாரும் சொல்ல முடியாது. ஒரு ஷாட்டைக் கைவிட்டார், மற்றதையெல்லாம் முழு மனதோடு ஆடினார். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: களத்துக்குப் போகும் முன், இன்று எந்த ஷாட் வேண்டாம் என்று ஒன்றைத் தீர்மானித்துவிட்டுப் போங்கள். ஒன்று போதும்.

இனி எப்போது அடிப்பது. இதற்கு நான் கேட்கச் சொல்கிற கேள்வி: இந்த பிட்ச்சில், இந்த பௌலரிடமிருந்து, நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவுட் ஆக்கிவிடக்கூடிய பந்து எத்தனை ஓவருக்கு ஒன்று வருகிறது? பத்து ஓவருக்கு ஒன்று என்றால் காத்திருங்கள், காலம் உங்கள் பக்கம். ஓவருக்கு ஒன்று என்றால் கட்டை போடுவதுதான் ஆபத்தான வழி. அந்தப் பந்து எப்படியும் வரப்போகிறது, அதற்குள் ரன்னைச் சேர்த்துவிட வேண்டும். 2022 மார்ச்சில் பெங்களூருவில் இலங்கைக்கு எதிரான பகலிரவு டெஸ்டில் பந்து கண்டபடி திரும்பியது. ஸ்ரேயாஸ் ஐயர் 98 பந்தில் 92 அடித்தார், இந்தியா மொத்தம் 252. இரண்டாவது இன்னிங்ஸில் பண்ட் 28 பந்தில் அரை சதம். அன்று இருவரும் செய்தது கணக்குப் போட்ட ஆட்டம். பொறுப்பில்லாமல் அடித்தார்கள் என்று சொல்பவர்கள் பிட்ச்சைப் பார்க்கவில்லை.

ஒரே ஆள் இரண்டு விதமாகவும் ஆடியதற்கு நியூசிலாந்தின் பிரெண்டன் மெக்கல்லத்தைப் பாருங்கள். 2014-ல் வெலிங்டனில் இந்தியாவிடம் 246 ரன் பின்தங்கி, இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் போனபோது அவர் 559 பந்து நின்று 302 எடுத்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். 2016-ல் கிறைஸ்ட்சர்ச்சில் புல் நிறைந்த பிட்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 32 ரன்னுக்கு 3 விக்கெட் என்றிருந்தபோது இறங்கி 54 பந்தில் சதம். டெஸ்டில் அதுதான் அதிவேக சதம். முதலாவதில் பிட்ச் தட்டையாகிவிட்டது, நாட்கள் மீதம் இருந்தன. இரண்டாவதில் நல்ல பந்து எந்த நிமிடமும் வரலாம். நான் எந்த மாதிரி ஆட்டக்காரன் என்று அவர் யோசித்திருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்காது.

அடிக்க முடிவு செய்தால் யாரை என்பதும் முக்கியம். ஒரு முனையில் நன்றாகப் போடுகிறவருக்கு மரியாதை கொடுங்கள். மறுமுனையில் புதிதாக வருகிறவருக்கு லெங்த் சிக்குவதற்கு முன்பே இரண்டு பவுண்டரி போனால் கேப்டன் அவரை எடுத்துவிட்டு, ஓய்வில் இருந்த நல்ல பௌலரை முன்கூட்டியே கூப்பிட வேண்டி வரும். எண்பது ஓவருக்குப் பிறகு புதுப் பந்து வரும், அதற்கு முந்தைய ஏழெட்டு ஓவரில் பந்து மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் சும்மா நின்றுவிடாதீர்கள்.

அடித்து ஆடுவதால் பின்னால் வருகிறவருக்குப் பொறுமையாக ஆட நேரம் கிடைக்கும். 2008 டிசம்பர், சேப்பாக்கம், இங்கிலாந்து வைத்த இலக்கு 387. நாலாம் நாள் மாலை சேவாக் 68 பந்தில் 83. அன்று முடிவில் இந்தியா 131-க்கு 1, கடைசி நாளுக்கு 256 மீதி. அதனால்தான் மறுநாள் டெண்டுல்கரும் யுவராஜும் அவசரப்படாமல், ஒன்று இரண்டாகச் சேர்த்து, ஆறு விக்கெட் வித்தியாசத்தில் முடிக்க முடிந்தது. டெண்டுல்கர் 103 நாட் அவுட். சேவாக் மாலையில் கட்டை போட்டிருந்தால் காலையில் அந்த நிதானத்துக்கு இடமே இருந்திருக்காது.

டிராவுக்காக ஆடும் நாளிலும் ரன் எடுக்க வேண்டும். 2012 அடிலெய்டில் தென்னாப்பிரிக்காவின் டு பிளெசி 376 பந்து நின்று டெஸ்டைக் காப்பாற்றினார், அதில் 110 ரன்னும் எடுத்தார். 2015 டெல்லியில் ஆம்லா 244 பந்தில் 25, டி வில்லியர்ஸ் 297 பந்தில் 43. தென்னாப்பிரிக்கா 143 ஓவருக்கு மேல் ஆடி 143-க்கு ஆல் அவுட். டெல்லி பிட்ச் அதிகம் திரும்பியது, உண்மைதான். ஆனால் ரன்னே வராதபோது பேட்டைச் சுற்றி நிற்கிற ஃபீல்டர்களை கேப்டன் எதற்கு எடுக்கப் போகிறார்? ஓவருக்கு ஒரு சிங்கிள் எடுத்தாலும் ஷார்ட் லெக், சில்லி பாயிண்ட்டில் ஒருவர் கிளம்பிப் போவார். ஒவ்வொரு பந்துக்கும் வேறு பேட்ஸ்மேன் நின்றால் பௌலருக்கும் தாளம் கெடும்.

நீண்ட நேரம் நிற்க வேண்டியிருந்தால் மொத்த நேரத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 2021 சிட்னியில் விஹாரிக்குத் தொடையில் காயம், அஸ்வினுக்கு முதுகுவலி. இருவரும் 42 ஓவருக்கு மேல் நின்றார்கள். பத்துப் பத்துப் பந்தாக ஆடலாம் என்று அஸ்வின் தமிழிலேயே விஹாரியிடம் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் விழுந்தது. அதே முறையை வைத்துக்கொள்ளுங்கள்: பத்துப் பந்து, கிளவுஸைச் சரிசெய்வது, அப்புறம் அடுத்த பத்து.

கடைசி ஆட்டக்காரரோடு நிற்கும்போது கணக்கு மறுபடி மாறும். 2019 ஹெடிங்லியில் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் மூன்றாம் நாள் முடிவில் 50 பந்தில் 2. மறுநாள் ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது வெற்றிக்கு 73 வேண்டும். அதன்பின் அடித்ததெல்லாம் பெரும்பாலும் அவர்தான், கடைசி ஆட்டக்காரர் லீச் 17 பந்தைச் சமாளித்து எடுத்தது ஒரே ஒரு ரன். இந்த நிலைமை வந்தால் ஓவரின் முதல் நாலு பந்தில் சிங்கிளை மறுத்துவிட்டு பவுண்டரிக்கு மட்டும் பாருங்கள், ஐந்தாவது அல்லது ஆறாவது பந்தில் ஓடி, அடுத்த ஓவரையும் நீங்களே சந்திக்கும்படி ஸ்ட்ரைக்கை வாங்குங்கள். ஓடப்போகும் பந்து எது என்று முன்கூட்டியே மறுமுனைக்குச் சொல்லிவிடுங்கள். வேறு எந்த அறிவுரையும் அவருக்கு அப்போது வேண்டாம்.