வைசர் கீறலை எடுக்கப் போய் வைசரையே கெடுத்துக்கொள்ளாதீர்கள்

ஹெல்மெட்டில் முகத்தை மூடும் வைசரில் கீறல் விழுந்திருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும், “கொஞ்சம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்” என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் தேய்த்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தபோது கீறல் மங்கினாற்போல் இருந்தது. அன்று இரவு தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், எதிரே வந்த பஸ்ஸின் ஹெட்லைட் வைசரில் பட்டதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் புகை படர்ந்த மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் வளையமாக ஒளி. சாலையின் ஓரக்கோடு தெரியவில்லை. வைசரைத் தூக்கிவிட்டு, பூச்சி அடிக்க அடிக்க மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

ஏன் அப்படி ஆனது என்பது தெரிந்தால் மற்ற தவறுகளும் தானாகப் புரியும். வைசர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் சுலபத்தில் உடையாது, ஆனால் லேசாக உரசினாலே கோடு விழும். அதனால்தான் நல்ல வைசர்களில் மேலே கெட்டியான ஒரு கோட்டிங் கொடுக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அது இருக்கும். டூத்பேஸ்டில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே நுண்ணிய சிலிக்காவோ சுண்ணாம்புத் துகளோ கலந்திருக்கிறது. நாம் தேய்க்கும்போது அந்தத் துகள் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கோட்டிங்கை அரித்து, ஒரு கோடு இருந்த இடத்தில் ஆயிரம் மயிர்க்கோடுகளைப் போடுகிறது. பகலில் அவை கண்ணுக்குத் தெரியாது. இரவில் எதிர்விளக்கு பட்டால் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். போதாததற்கு, கோட்டிங் போன இடம் அடுத்த வாரமே மறுபடி கீறும்.

சமையல் சோடா, ரப்பிங் காம்பவுண்ட் இரண்டுக்கும் இதே கதைதான். காம்பவுண்ட் பெட்ரோல் டேங்கின் பெயின்ட்டுக்கு ஆனது, வைசருக்கு இல்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அப்புறம் பாலிஷ் போடலாம் என்று சிலர் காட்டுவார்கள். காரின் ஹெட்லைட்டுக்கு அது சரி. ஹெட்லைட் வழியாக நாம் சாலையைப் பார்ப்பதில்லையே! வைசரில் ஒரு இடத்தை மட்டும் தேய்த்துக் குறைத்தால் அங்கே பார்வை நெளியும். ஓட்டும்போது தலைவலிதான் வரும்.

மெக்கானிக் கடையில் நடக்கும் தவறு வேறு. பனியன் வேஸ்ட்டை எடுத்து, பெட்ரோலிலோ தின்னரிலோ நனைத்து ஒரே இழுப்பாகத் துடைத்துக் கொடுப்பார்கள். பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் தின்னர் பாலிகார்பனேட்டை நேரடியாகத் தாக்கும், பெட்ரோலும் நல்லதில்லை. வளைத்து மாட்டியிருக்கும் பிளாஸ்டிக்கில் திருகு பகுதியைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள் ஓடிவிடும். நாம் வண்டியிலிருந்து விழும்போது அப்படி வெடித்த வைசர் முகத்தைக் காக்கும் என்று நம்ப முடியாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறையும் என்பது ஓரளவு உண்மை, ஒரு மணி நேரத்துக்கு மட்டும். அப்புறம் சாலைத் தூசி முழுக்க அதில் வந்து ஒட்டும். அந்தத் தூசியைத் துடைக்கும்போது இன்னும் நான்கு கோடு விழும்.

உண்மையில் கீறல் பெரும்பாலும் பிறப்பதே துடைக்கும்போதுதான். சிக்னலில் நிற்கிறோம், சட்டை முனையாலோ கிளவுஸாலோ வைசரை ஒரு தேய் தேய்க்கிறோம். தூசியில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது, பிளாஸ்டிக் எம்மாத்திரம்? ஆகவே காய்ந்த வைசரைத் துடைக்கவே கூடாது.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் அது கீறல்தானா என்று பாருங்கள். காய்ந்த பூச்சியும் உப்புத்தண்ணீர்க் கறையும் அச்சு அசலாகக் கீறல் மாதிரியே தெரியும். வைசரைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரை நன்றாக நனைத்து மேலே போர்த்தி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஒட்டியிருந்த ஈசல் இறக்கையெல்லாம் ஊறி, பேப்பரை எடுக்கும்போது கூடவே வழுக்கிக்கொண்டு வரும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, விரல் நுனியாலேயே கழுவி, குழாயடியில் காட்டி, சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ‘கீறல்’ என்று நினைத்ததில் பாதி இத்தோடு போய்விடும்.

மிச்சம் இருப்பதன் மேல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால் எந்த பாலிஷும் அதை எடுக்காது, முயற்சியே வேண்டாம். சிக்கவில்லை, கண்ணுக்கு நேரேயும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். தாடைப் பக்கம் இருக்கும் கோடு யாரையும் ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே கோட்டிங் தேய்ந்துபோன பழைய வைசர் என்றால் மட்டும், தெளிவான பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் பாலிஷை வாங்கி, வெளிப்பக்கம் முழுவதும் ஒரே சீராக, அழுத்தாமல் தேய்த்துப் பார்க்கலாம். வானவில் நிறம் அடிக்கும் மிரர் வைசரில் இதைச் செய்தால் நிறம் திட்டுத்திட்டாக உரிந்துவிடும். உள்பக்கத்தில் பனி படியாமலிருக்கப் பூசியிருக்கும் கோட்டிங்கையும், அதே வேலைக்காக உள்ளே மாட்டும் பின்லாக் என்ற தகட்டையும் தொடவே வேண்டாம், அவை வெளிப்பக்கத்தைவிட மென்மையானவை.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வைசரை முகத்துக்கு முன்னால் பிடித்து, அறையின் மறுகோடியில் செல்போன் டார்ச்சை எரியவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் பிரச்சினையில்லை. கதிர் கதிராகப் பிரிந்தாலோ, சுற்றி வளையம் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கீறல் தெரியாமலிருக்கக் கறுப்பு வைசர் வாங்குவதோ ஃபிலிம் ஒட்டுவதோ ரொம்ப ஆபத்து. இருட்டில் நடந்து போகிறவரையே அது மறைத்துவிடும்.

நம்மூரில் தயாராகும் பெரும்பாலான ஹெல்மெட்டுகளுக்கு வைசர் தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாட்டும் இடம் மாறும். மாட்டியதும் இரண்டு பக்கமும் சமமாக இறங்கி மூடுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று நான்கைந்து முறை தூக்கி இறக்கிப் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை அதற்கப்புறம் உரித்தால் போதும்.