பழைய தெருப் படத்தில் கட்டடங்களைப் படிப்பது எப்படி?

வேலூர்க் கோட்டையோ அந்த ஊர்க் கடைவீதியான லாங் பஜாரோ பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரிந்தால், "அப்போ ஊர் எவ்வளவு அமைதியா இருந்திருக்கு!" என்றுதான் முதலில் தோன்றும். அதை அப்படியே நம்ப வேண்டாம்.

படி 1: கேமராவின் வேலையைக் கழித்துவிடுங்கள். ஆரம்ப காலத்தில் ஒரு படம் பதியவே நேரம் பிடிக்கும். நடப்பவர்களும் வண்டிகளும் பதியாமலே போய்விடும். 1838இல் ஒளிப்பட முன்னோடி டாகர் எடுத்த பாரிஸ் தெருப் படத்தில் நடமாட்டம் எல்லாம் மறைந்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்றவர் தெரிகிறார். நிறத்திலும் இதே சிக்கல்தான். 1851இல் வந்த கொலோடியன் தகடு (ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு) நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பு கறுத்துப்போகும். கோயில் மதிலின் காவிப் பட்டை கறுப்பாகத் தெரிந்தால் அதற்கு ஒரு தத்துவம் கற்பிக்காதீர்கள்.

படி 2: படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். அகழிக்கு வெளியே நின்றால் மதில் பெரிதாகி, கோட்டை மிரட்டும். உள்ளே கோயிலின் கல்யாண மண்டபத்தின் முன் நின்றால் யாளியும் பாயும் குதிரைகளும்தான் படம் முழுக்க. இரண்டும் ஒரே கோட்டைதான்.

படி 3: கட்டடத்தின் தோற்றம் வேறு, அன்றைய பயன்பாடு வேறு. ஆரம்பத்தில் பலரும் வழுக்குவது இங்கேதான். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பார்த்ததும் பூஜையும் மணியோசையும் மனதில் ஓடும். ஆனால் பிரிட்டிஷ் காலத்தில் அங்கே வழிபாடே இல்லை. படைக்கலக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. 1981இல்தான் லிங்கத்தை மறுபடி வைத்தார்கள். அதே மதிலுக்குள் 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச்சிலோ சிப்பந்திகளுக்கும் அதிகாரிகளுக்கும் பிரார்த்தனை நடந்தது. 1860களின் படம் என்றால், வானளாவிய கோபுரம் சும்மா நிற்கிறது, எளிய சர்ச்சில் ஆள் புழங்குகிறார்கள். உயரத்தை வைத்து அதிகாரத்தை அளந்தால் கணக்கு தப்பிவிடும். கோபுரத்தில் செடி முளைத்திருக்கிறதா, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படி 4: மணிக்கூண்டு இருந்தால் அது யாருக்காக மணி காட்டுகிறது என்று கேளுங்கள். லாங் பஜாரில் என்றால் வியாபாரத்துக்கு. அப்புறம் முள் காட்டும் நேரத்தையும் நிழலின் திசையையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கடிகாரம் ஓடவில்லை, அல்லது படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. கடைப் பலகை எழுத்து நேராக இருந்தால் சந்தேகம் கடிகாரத்தின் மேல்தான்.