குரோமோசோம் தானாகச் சுருங்குவதில்லை: செல் பிரிதலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘புரோஃபேஸில் குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கின்றன.’ செல் பிரிதலைப் படித்த எல்லோரும் அதன் முதல் கட்டமான புரோஃபேஸைப் பற்றி இந்த வரியை ஒரு முறையாவது எழுதியிருப்போம். நானும் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். வரியில் பிழையில்லை. ஆனால் காய்ந்த இலை சுருள்வதுபோல குரோமோசோம் தானாகவே சுருண்டுகொள்கிறது என்ற படம் மனதில் பதிந்துவிடுகிறது. அந்தப் படத்திலிருந்துதான் பாதித் தவறுகள் கிளைக்கின்றன. குரோமோசோம் சுருங்குவதில்லை, சுருக்கப்படுகிறது. அந்த வேலையைச் செய்பவை புரதங்கள்.

முதலில் அளவுக் குழப்பம். மனிதனின் 1-ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) உண்டு. டி.என்.ஏ.வை நேராக நீட்டினால் எட்டரை சென்டிமீட்டர் வரும். குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸில் அதே குரோமோசோமின் நீளம் 10 மைக்ரோமீட்டர் அளவுதான். கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு சுருக்கம் என்று சொல்வது இதைத்தான். சரி, அது முழுவதும் செல் பிரியும்போது நடக்கிறதா? இல்லை. இரு பிரிதல்களுக்கு இடைப்பட்ட இன்டர்ஃபேஸிலேயே அந்த டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக்கொண்டு சின்ன நியூக்ளியஸுக்குள் அடங்கித்தான் கிடக்கிறது. மைட்டாசிஸ் என்ற இந்தப் பிரிதலில் அதன் கன அளவு மேற்கொண்டு குறைவது இரண்டு மூன்று மடங்கு மட்டுமே. பெரிதாக மாறுவது ஒழுங்குதான். ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்த நூல், தனித்தனிக் கண்டுகளாகப் பிரிகிறது.

நூற்கண்டு என்றேனே, அதுவும் பாதிதான் சரி. கண்டு என்றால் சுற்றுவது. பாடநூல் படங்களும் அப்படியே சொல்கின்றன: மணிமாலை போன்ற இழை சுருண்டு 30 நானோமீட்டர் இழையாகும், அது மறுபடி சுருளும், மறுபடியும் சுருளும். அந்த 30 நானோமீட்டர் இழை சோதனைக்குழாயில் தெரிந்தது உண்மை. செல்லுக்குள் தேடியபோது பெரும்பாலும் கண்ணில் படவில்லை. இன்று கிடைக்கும் சித்திரம் வேறு. கண்டென்சின் என்ற வளைய வடிவப் புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்து, கண்ணி கண்ணியாக இழுத்து விடுகிறது. 2018-இல் இதை நேரிலேயே பார்த்தார்கள். ஒரு டி.என்.ஏ. இழையின் இரு முனைகளையும் கண்ணாடிப் பரப்பில் ஒட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி, ஈஸ்ட்டின் கண்டென்சினைச் சேர்த்தார்கள். இழையில் ஒரு இடத்தில் ஒளிப்புள்ளி தோன்றுகிறது. பக்கவாட்டில் திரவத்தை ஓட விட்டால் அந்தப் புள்ளி கண்ணியாக விரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீள்கிறது. வேகம் நொடிக்கு 1,500 கார இணைகள் வரை!

மனித செல்லில் கண்டென்சின் இரண்டு வகை. விடைத்தாள்களில் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். இரண்டாம் வகை நியூக்ளியஸுக்குள்ளேயே இருப்பதால் புரோஃபேஸிலேயே வேலையைத் தொடங்கிவிடும். முதல் வகை சைட்டோபிளாசத்தில் காத்திருந்து, நியூக்ளியஸ் உறை உடைந்த பிறகே உள்ளே வரும். இரண்டாம் வகை பெரிய கண்ணிகளைப் போட்டு நீளத்தைக் குறைக்கிறது. முதல் வகை அவற்றுக்குள் சிறு கண்ணிகளைப் போட்டுத் தடிமனைக் குறைக்கிறது. கட்டையான குரோமோசோமா, ஒல்லியான குரோமோசோமா என்பது பெரிதும் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது.

கண்டென்சின் என்ற பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. அது இல்லாவிட்டாலும் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த இழை) ஓரளவு நெருக்கமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஹிஸ்டோன்களிலிருந்து அசிட்டைல் குழுக்கள் நீங்குவதே அதற்கு உதவுகிறது. போவது விறைப்பும் வடிவமும். இழுத்தால் தொளதொளவென்று நீளும், இரு பிரதிகளும் விலகிச் செல்லும் அனாஃபேஸில் இரு பக்கத்துக்கும் நடுவே பாலம்போல் தொங்கும்.

அப்புறம் பெயர்க் குழப்பம்: கண்டென்சினும் கொஹீசினும் ஒரே குடும்பம், வேலை வேறு. கண்டென்சின் ஒரு குரோமாட்டிடை, அதாவது இரட்டித்த குரோமோசோமின் ஒரு பிரதியை, ஒழுங்குபடுத்தும். கொஹீசின் இரண்டு சகோதரி குரோமாட்டிட்களைச் சேர்த்துப் பிடிக்கும், அதுவும் டி.என்.ஏ. இரட்டிப்பாகும் எஸ் கட்டத்திலிருந்தே.

அந்தப் பிடியை உடைப்பது எது? ‘கதிர்கோல் இழைகள் இழுத்துப் பிரிக்கின்றன’ என்பதுதான் வழக்கமான பதில். அவை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன, மெட்டாஃபேஸ் முழுக்க. ஆனாலும் பிரியவில்லையே! அந்த இழைகள் பற்றும் இடங்களான கைனிட்டோகோர்கள் எல்லாம் சரியாகப் பிணைந்த பிறகு செக்யூரின் என்ற புரதம் அழிக்கப்படுகிறது. அதன் பிடியிலிருந்த செப்பரேஸ் என்ற நொதி விடுபட்டு, கொஹீசின் வளையத்தை வெட்டுகிறது. 2000-இல் வெளியான ஒரு ஈஸ்ட் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாவர வைரஸின் நொதி வெட்டக்கூடிய இடத்தைக் கொஹீசினில் புகுத்தி, மெட்டாஃபேஸில் நிறுத்திய செல்லில் அந்த நொதியை உருவாக்கினார்கள். செப்பரேஸின் வேலையை அந்நிய நொதி செய்தது. சகோதரிகள் எதிரெதிர் துருவங்களுக்குப் போய்விட்டன.

குரோமோசோம் என்றதும் எக்ஸ் எழுத்தை வரைவதும் இதோடு சேர்ந்த தவறு. எக்ஸின் கைகளில் உள்ள கொஹீசினில் பெரும்பகுதி புரோஃபேஸிலிருந்தே கழற்றப்படுகிறது. குரோமாட்டிட்கள் இணையும் இடமான சென்ட்ரோமியரில் இருப்பதை ஷுகோஷின் என்ற புரதம் காக்கிறது. (ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். புரதங்களுக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் அரிது.) கதிர்கோலைக் குலைக்கும் கோல்ச்சிசின் மருந்தைக் கொடுத்து செல்லை நெடுநேரம் நிறுத்தி வைத்தால் கைகள் நன்றாக விலகி, நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும். நாம் பார்க்கும் படங்களில் பல இப்படி எடுத்தவை. இரட்டிப்புக்கு முன்பும் அனாஃபேஸிலும் எக்ஸ் கிடையாது. எண்ணும்போதும் கைகளை விட்டுவிட்டு சென்ட்ரோமியரை எண்ணுங்கள்: மெட்டாஃபேஸில் 46, கொஹீசின் வெட்டுப்பட்ட மறுகணம் 92.

எல்லாவற்றையும் ஹிஸ்டோன் தலையில் கட்டுவது கடைசித் தவறு. 2015-இல் ஜப்பானில் தட்சுயா ஹிரானோவின் குழு, தவளை விந்தணுவின் நியூக்ளியஸோடு ஆறு வகைச் சுத்தமான புரதப் பொருட்களை மட்டும் சேர்த்து, சோதனைக்குழாயில் குரோமாட்டிடை உருவாக்கியது. ஹிஸ்டோன்கள், அவற்றுக்குத் துணைநிற்கும் மூன்று புரதங்கள், டி.என்.ஏ. சிக்கை வெட்டி ஒட்டி அவிழ்க்கும் டோப்போஐசோமரேஸ் 2, முதல் வகைக் கண்டென்சின். அவ்வளவே. இரண்டு ஆண்டுகள் கழித்து, நியூக்ளியோசோம்கள் (ஹிஸ்டோன்களைச் சுற்றிய டி.என்.ஏ. மணிகள்) ஏறக்குறைய இல்லாமலேயே குரோமாட்டிட் போன்ற அமைப்பு உருவாவதையும் அதே குழு காட்டியது. 2015 பட்டியலில் கொஹீசின் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒற்றைக் குரோமாட்டிடுக்குச் சேர்ந்து பிடிக்க ஜோடி ஏது?