ஃபைன் ஆர்ட் தாளில் அச்சு: நிறத்தைக் கெடுக்கும் தவறுகள்

ஃபைன் ஆர்ட் தாளில் (கலைப்படங்களுக்கான உயர்தரத் தாள்) அச்சிடக் கற்றுக்கொள்பவர்களின் அருகில் அமரும் போதெல்லாம், முன்பு நான் பாழாக்கிய அதே வகையில் அவர்களும் தாள்களைப் பாழாக்குவதைக் காண்கிறேன். மை தீர்வதையும் நாசில் (மை தெளிக்கும் நுண்துளை) அடைப்பதையும் அச்சே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிறத்தை இரண்டு முறை திருத்துவது

ஒரு குறிப்பிட்ட தாளில், குறிப்பிட்ட பிரிண்டரும் மையும் படத்தின் எந்த நிற எண்ணுக்கு எந்த நிறத்தைத் தரும் என்பதைச் சொல்லும் அட்டவணைதான் ஐசிசி புரொஃபைல். ஃபோட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ அதைத் தேர்ந்தெடுத்தால் நிறமாற்றம் அங்கேயே முடிந்துவிடுவதால், பிரிண்டர் டிரைவரின் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளின்) நிறத் திருத்தத்தை அணைத்தாக வேண்டும். அணைக்காவிட்டால், ஏற்கெனவே மாறிவந்த எண்களை டிரைவர் மீண்டும் ஒருமுறை மாற்றிவிடும்.

தொடக்க நாள்களில் ஒரு முதியவரின் படத்தைப் பருத்தித் தாளில் அச்சிட்டபோது, அவருடைய வெள்ளைச் சட்டையின் மடிப்புகளில் இளஞ்சிவப்பு படிந்து, கன்னங்கள் வெந்தவை போல வந்தன. குறை படத்தில்தான் என்று நம்பி மெஜென்டாவைக் குறைத்தேன். முகம் ஓரளவு தேறியது, நிழல்கள் பச்சையாயின. ஆறு தாள்கள் குப்பைக்குப் போன பிறகு, ஏழாவது பரவாயில்லை என்று தோன்றவே, அந்தக் கோப்பைச் சேமித்தும் வைத்தேன். தாள் போனதைவிட அதுதான் பெரிய நட்டம்: பின்னாளில் டிரைவரைச் சரிசெய்து அதே கோப்பை அச்சிட்டபோது, முதியவர் பாசி பிடித்தவர் போல வந்தார்.

இன்றும் எரிச்சலூட்டுவது என்னவென்றால், டிரைவரை மறுபடி நிறுவினாலே அதன் நிறத் திருத்தம் சத்தமில்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும் என்பதுதான். ஆகவே படத்தில் கைவைக்கும் முன், கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான சாம்பல் பட்டை ஒன்றை அதே தாளின் சிறு துண்டில் அச்சிடுங்கள். சாம்பலில் சிவப்போ பச்சையோ தெளிவாகத் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அமைப்புகளையே, படத்தை அல்ல.

தாள் வகையைக் குத்துமதிப்பாகத் தேர்வது

எவ்வளவு மை இறங்க வேண்டும் என்பதையும், பளபளப்பற்ற தாளுக்கான மேட் கறுப்பு மையா, பளபளப்பான தாளுக்கான ஃபோட்டோ கறுப்பு மையா என்பதையும் டிரைவரில் நாம் தேரும் தாள் வகைதான் முடிவுசெய்கிறது. மேட் தாளில் ஃபோட்டோ கறுப்பு இறங்கினால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். புரொஃபைல் எந்த வகையை வைத்து உருவாக்கப்பட்டதோ, அதே வகையையே தேருங்கள்.

கண்ணைக் கூசும் திரை

“அச்சு இருட்டாக வருகிறது” என்ற புகார்களில் பெரும்பாலானவை மானிட்டரின் குற்றம். ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலாவுக்குள் வையுங்கள். பளபளப்பான தாளின் ஆழ்ந்த கறுப்பு மேட் தாளுக்கு வராது. சாஃப்ட் புரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில் பார்த்து, நிழல்களைச் சற்று முன்கூட்டியே வெளிச்சமாக்கிவிடுவது நல்லது.

ஈர அச்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

ஒரு நாள் காயட்டும்.

பின்பக்கத்தில் அச்சிடுவது

பல தாள்களில் மையை ஏற்கும் பூச்சு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ஈரவிரலால் ஓரத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் லேசாக ஒட்டும்.